குருதத்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்திப் பட இயக்குநரும் நடிகருமான குருதத் பிறந்து நூறு வருடம் ஆனதை ஒட்டி 2025-இல் அவர் படங்களைப் பலரும் புதிதாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். அதிலிருந்து நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் ஒரே மாதிரி கேள்விகளைக் கேட்கிறார்கள், பாதிப் பேர் அவர் சாவிலிருந்துதான் தொடங்குகிறார்கள். எனக்கு அது வருத்தமாக இருக்கிறது. கேள்விகளை எல்லாம் ஒரே இடத்தில் போட்டு, வேலையிலிருந்து தொடங்கி எழுதிவிடலாம் என்று தோன்றியது.

குருதத் வங்காளிதானே?

இல்லை. 'தத்' என்று முடிவதால் வங்காளிக் குடும்பப் பெயர் என்று நினைத்துவிடுகிறார்கள். குருதத் என்பது சேர்ந்த ஒரே பெயர். 1925 ஜூலை 9 அன்று பெங்களூரில், கொங்கணி பேசும் குடும்பத்தில் பிறந்தவர். வைத்த பெயர் வசந்தகுமார் சிவசங்கர் படுகோனே. சின்ன வயதில் ஒரு விபத்து நடக்க, பெயர் ராசியில்லை என்று குருதத் என மாற்றினார்கள். ஆனால் வளர்ந்தது கல்கத்தாவில், வங்காளம் சரளமாகப் பேசுவார், அங்கே தெருவில் பார்த்த பாட்டும் கூத்தும் பிற்காலப் படங்களில் வந்துகொண்டே இருக்கும். அதனால் வங்காளி என்று நினைப்பவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

தீபிகா படுகோனேவுக்கு உறவா?

நெருங்கிய உறவு இல்லை. படுகோனே என்பது கர்நாடகக் கடற்கரையில் குந்தாபுரா பக்கம் உள்ள ஊர், ஊர்ப் பெயரையே குடும்பப் பெயராக வைத்துக்கொள்வது அங்கே வழக்கம். உண்மையான உறவு வேண்டுமென்றால் இயக்குநர் ஷியாம் பெனகலைச் சொல்லலாம், சொந்தக்காரர். ஓவியர் லலிதா லாஜ்மி கூடப் பிறந்த தங்கை. லலிதாவின் மகள்தான் இயக்குநர் கல்பனா லாஜ்மி. தம்பி ஆத்மாராமும் இயக்குநர்.

சினிமாவுக்கு எப்படி வந்தார்?

நடனம் வழியாக. இதைத் தெரிந்துகொண்டு படங்களைப் பார்த்தால் நிறைய விளங்கும். அவருடைய மாமா பி.பி. பெனகல் ஓவியர். அவர் வரைந்த ஒரு படத்தில் பாம்பைச் சுற்றிக்கொண்டு நிற்கும் மனிதனைப் பார்த்துப் பையன் ஒரு பாம்பு நடனம் ஆடிக் காட்ட, அதுவே அவரை நடனக் கலைஞர் உதயசங்கரிடம் கொண்டுபோனது. 1942-இல் அல்மோராவில் உதயசங்கரின் கலை மையத்தில் சேர்ந்தார். வருடத்துக்கு 75 ரூபாய் உதவித்தொகை. போர்க்காலம், பணத் தட்டுப்பாடு, 1944-இல் அந்த மையமே மூடிவிட்டது. (உதயசங்கர் அதற்குப் பிறகு சென்னைக்கு வந்து ஜெமினி ஸ்டூடியோவில் 'கல்பனா' எடுத்தார் என்பது நம்மவர்களுக்குத் தெரிந்திருக்கும்.)

அப்புறம் கல்கத்தாவில் லீவர் பிரதர்ஸ் தொழிற்சாலையில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை. வேலை கிடைத்ததும் வீட்டுக்குத் தந்தி அடித்தவர், கொஞ்ச நாளிலேயே அதை விட்டுவிட்டார். 1944-இல் புனேயில் பிரபாத் ஃபிலிம் கம்பெனியில் ஒப்பந்தம். நடன அமைப்பு, உதவி இயக்கம், சின்னச் சின்ன வேஷம் என்று கையில் கிடைத்ததை எல்லாம் செய்தார். ஒப்பந்தம் முடிந்து பம்பாயில் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த மாதங்களில் 'கஷ்மகஷ்' என்று ஒரு கதை எழுதி வைத்தார். பத்து வருடம் பெட்டிக்குள் கிடந்து அந்தக் கதைதான் 'ப்யாஸா'வாக வந்தது.

சட்டை மாறிப்போன கதை உண்மையா?

உண்மைதான், பிற்பாடு பெரிய இந்தி ஹீரோவான தேவ் ஆனந்தே பல முறை சொல்லியிருக்கிறார். பிரபாத்தில் இருவருக்கும் ஒரே சலவைக்காரர். ஒருநாள் தேவ் ஆனந்தின் சட்டை வேறொருவர் மேல் நடந்து போகிறது, கேட்டால் அது குருதத். மாற்றிப் போட்டுவிட்டதில் சிநேகிதம் பிறந்தது. நான் தயாரிப்பாளரானால் நீ இயக்குநர், நீ படம் எடுத்தால் நான் ஹீரோ என்று பேசிக்கொண்டார்கள். பேசியதை இருவரும் காப்பாற்றினார்கள், எனக்குப் பிடித்தது அதுதான். தேவ் ஆனந்த் நவ்கேதன் கம்பெனி தொடங்கியபோது 1951-இல் 'பாஸி'யை இயக்கக் கூப்பிட்டார். 1956-இல் குருதத் 'சி.ஐ.டி.' தயாரித்தபோது ஹீரோ தேவ் ஆனந்த், இயக்கியது உதவியாளராக இருந்த ராஜ் கோஸ்லா.

வி.கே. மூர்த்தி யார்? குருதத் பேச்சு வந்தாலே அவர் பெயரும் வருகிறதே?

வராமல் எப்படி? மைசூர்க்காரர், கேமராமேன். 'பாஸி'யில் அவர் வெறும் உதவியாளர். ஒரு பாட்டில் கண்ணாடியில் தெரியும் பிம்பத்தில் தொடங்கி கேமரா நகர்ந்து ஆளிடம் வர வேண்டும் என்ற யோசனையை அவர் சொல்லி, அனுமதி வாங்கித் தானே எடுத்துக் காட்டினார். குருதத் பார்த்தார், அடுத்த படத்திலிருந்து இவர்தான் என் கேமராமேன் என்று முடிவு செய்துவிட்டார். 1952-இன் 'ஜால்' தொடங்கி 'சாஹிப் பீபி ஔர் குலாம்' வரை அந்த ஜோடி நின்றது. கேமராமேன் ஒருவருக்கு தாதாசாகேப் பால்கே விருது முதன்முதலில் கிடைத்ததும் மூர்த்திக்குத்தான் (2008-ஆம் ஆண்டுக்கானது).

குருதத்துக்கு முகம் வேண்டும். கண் வேண்டும். 'பாஸி'யிலேயே 100 மி.மீ. லென்ஸ் போட்டுப் பத்துக்கும் மேற்பட்ட குளோசப் எடுத்தார், பின்னணி மங்கி, முகம் மட்டும் நம்மிடம் பேசும். பம்பாய் சினிமாக்காரர்கள் அதற்கு 'குருதத் ஷாட்' என்றே பெயர் வைத்தார்கள்.

அவர் சோகப் படம் மட்டும்தானே எடுத்தார்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் நீளமாகப் பதில் சொல்ல ஆசைப்படுகிறேன். 'ப்யாஸா', 'காகஸ் கே பூல்' இரண்டையும் மட்டும் பார்த்துவிட்டு, வாழ்நாள் முழுக்க அழுதுகொண்டே இருந்த மனிதர் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். 1954-இல் வந்த 'ஆர் பார்' பாருங்கள். டாக்ஸி டிரைவர், மெக்கானிக் ஷெட், திருட்டுக் கும்பல், பம்பாய் நடைபாதை. அதற்கு முந்தைய கப்பல் படமான 'பாஸ்' ஓடவில்லை, அதில்தான் அவர் முதன்முதலாகக் கதாநாயகனாகவும் நடித்தார். அடுத்த படமும் விழுந்தால் அவ்வளவுதான் என்ற நிலையில் எடுத்தது 'ஆர் பார்', ஆனால் எந்தக் காட்சியிலும் அந்தப் பயம் தெரியாது. வசனம் அப்ரார் அல்வி. அதுவரை இந்திப் படத்தில் எல்லோரும் ஒரே மாதிரி மேடை உருது பேசுவார்கள், இவர் ஒவ்வொரு ஆளுக்கும் அவன் ஊர்ப் பேச்சைக் கொடுத்தார். இசை ஓ.பி. நய்யார். அவருக்கும் அதுவரை சொல்லிக்கொள்ளும்படி எதுவும் ஓடியிருக்கவில்லை, இந்தப் படத்தோடு ஊரே அவர் பாட்டைப் பாடியது.

1955-இல் 'மிஸ்டர் அண்டு மிஸஸ் 55'. சொத்து கைக்கு வர வேண்டுமென்றால் குறிப்பிட்ட நாளுக்குள் கல்யாணம் செய்தாக வேண்டும் என்று ஒரு பணக்காரப் பெண் (மதுபாலா), அவளுக்காக அத்தை காசு கொடுத்துப் பிடித்துவரும் வெறும் கை கார்ட்டூனிஸ்ட் மாப்பிள்ளை (குருதத்). படத்தில் கார்ட்டூன் வரையும் கை ஆர்.கே. லக்ஷ்மணுடையது. அழகான படம், ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: இந்து திருமணச் சட்டம் வந்த அதே வருடத்தில், பெண்ணுக்கு விவாகரத்து உரிமை கேட்கும் அத்தையைக் கேலிப் பொருளாக்கி, வீட்டோடு இருக்கும் அண்ணியை உயர்த்திப் பிடிக்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடம் எனக்கு உறுத்துகிறது, குருதத் மேல் எவ்வளவு அன்பு இருந்தாலும்.

ஜானி வாக்கரையும் சொல்லாமல் விடக்கூடாது. பதுருத்தீன் ஜமாலுத்தீன் காஸி என்ற பஸ் கண்டக்டர், பயணிகளைச் சிரிக்க வைத்துக்கொண்டே டிக்கெட் கிழிப்பவர். 'பாஸி'க்கு எழுதிக்கொண்டிருந்த பல்ராஜ் சாஹ்னி அவரைக் கவனித்து, குருதத் முன்னால் குடிகாரனாக நடித்துக் காட்டச் சொன்னார். வேஷம் கிடைத்தது, விஸ்கி பெயரை வைத்ததும் குருதத்தான். நகைச்சுவை நடிகருக்கும் காதலி உண்டு, தனிப் பாட்டு உண்டு என்று குருதத் படங்களில் ஜானி வாக்கருக்குத் தனி இடம் இருக்கும்.

பாடல் காட்சிகளை ஏன் இவ்வளவு புகழ்கிறார்கள்?

கதை நின்று பாட்டு தொடங்குவது அவருக்குப் பிடிக்காது. பேச்சு முடியும் இடத்திலிருந்து பாட்டு கிளம்ப வேண்டும், முன்னிசை நீளமாக இருந்தால் அதை வெட்டிவிடுவார். பாடுபவர்களும் மேடையில் இருக்க மாட்டார்கள், கார் பழுது பார்க்கும் ஷெட்டில், ஆபீசில் டைப்ரைட்டர் முன்னால், எண்ணெய் புட்டியோடு தலைக்கு மாலிஷ் செய்யும் மரத்தடியில் இருப்பார்கள். நடனம் படித்தவர் என்று முன்னால் சொன்னேன் அல்லவா, ஆனால் அவர் படத்தில் ஆட்டம் குறைவு, நடை அதிகம். ஆள் நடக்கும் வேகமும் கேமரா நகரும் வேகமும் தாளத்தோடு சேர்ந்து போகும். அல்மோராவில் கற்றது அங்கே வெளிப்படுகிறது என்பது என் எண்ணம்.

வஹீதா ரஹ்மான் நம் ஊர்ப் பெண் என்கிறார்களே?

செங்கல்பட்டில் பிறந்தவர். பரதநாட்டியம் கற்றவர். 1955-இல் 'ரோஜுலு மாராயி' என்ற தெலுங்குப் படத்தில் ஒரு பாட்டுக்கு ஆடினார், படம் ஆந்திரா முழுக்கப் பிய்த்துக்கொண்டு ஓடியது. எம்.ஜி.ஆரின் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்திலும் அவர் ஆடிய பாட்டு உண்டு. குருதத் ஹைதராபாத் வந்திருந்தபோது அந்தத் தெலுங்குப் பாட்டின் புகழ் காதில் விழுந்து, ஆளை வரவழைத்துப் பார்த்தார். அவர்கள் கார் ஒரு எருமை மேல் மோதியதால்தான் ஊரில் தங்கும்படி ஆயிற்று என்று அப்ரார் அல்வி சொல்லியிருக்கிறார்.

பம்பாயில் 'சி.ஐ.டி.'க்கு ஒப்பந்தம் போடும்போது பெயரை மாற்றச் சொன்னார்கள். மீனா குமாரி, மதுபாலா எல்லோருமே மாற்றிய பெயர்தான். இந்தப் பெண் முடியாது என்றார். பிடிக்காத உடையைப் போட மாட்டேன் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொன்னார். இருபது வயதுகூட ஆகாத புதுமுகம், பம்பாய்க் கம்பெனி ஆபீசில் உட்கார்ந்து இதைக் கேட்டு வாங்கியிருக்கிறார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

'ப்யாஸா' அப்படி என்ன படம்?

தாகம் கொண்டவன் என்று அர்த்தம். 1957. விஜய் ஒரு கவிஞன், பதிப்பகங்கள் விரட்டுகின்றன, அண்ணன்மார் அவன் கவிதைக் கட்டை எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். அந்தக் காகிதங்களைக் கடையில் வாங்கி வைத்திருப்பவள் குலாபோ என்ற பாலியல் தொழிலாளி (வஹீதா). காதலித்த மீனா (மாலா சின்ஹா) ஒரு பணக்காரப் பதிப்பாளரைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். விஜய் இறந்துவிட்டான் என்று ஊர் நம்பியதும் புத்தகம் வருகிறது, விற்றுத் தீர்கிறது, அதே அண்ணன்மார் பங்கு கேட்டு வருகிறார்கள். அவனுக்கு நினைவு விழா எடுக்கும் அரங்கத்துக்கு அவனே வந்து நிற்கிறான். இருட்டு அரங்கத்தின் வாசலில், பின்னாலிருந்து வெளிச்சம் விழ, இரண்டு கைகளையும் கதவுச் சட்டங்களில் ஊன்றி நிற்கும் அந்த உருவத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

எனக்கு அதைவிடப் படத்தின் முதல் நிமிடம் பிடிக்கும். விஜய் பூங்காவில் புல்லில் படுத்திருக்கிறான். ஒரு வண்டு பூவில் இறங்குகிறது, புல்லுக்கு வருகிறது, அவன் முகத்தில் லேசான சந்தோஷம். அப்போது யாரோ ஒருவரின் ஷூ கால் வந்து அதை நசுக்கிவிட்டுப் போகிறது. போனவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது. இரண்டரை மணி நேரக் கதையை ஒரு பூச்சியை வைத்துச் சொல்லி முடித்துவிடுகிறார்.

விஜய் வேஷத்துக்கு முதலில் கேட்டது திலீப் குமாரை. அவர் வரவில்லை, குருதத் தானே மேக்கப் போட்டுக்கொண்டார். ஜானி வாக்கரைக் கதாநாயகனின் நண்பனாகப் போட்டு எடுத்த காட்சிகளைப் பிடிக்காமல் தூக்கிப் போட்டுவிட்டு, வேறு ஆளை வைத்து மறுபடி எடுத்தார். எடுத்ததைத் தூக்கிப் போடுவது அவருக்குச் சாதாரணம், காசு போகிறதே என்று பார்க்க மாட்டார். பாட்டு சாஹிர் லுதியான்வி. சிவப்பு விளக்குத் தெருவில் தள்ளாடிக்கொண்டே விஜய் பாடும் பாட்டு, சாஹிர் முன்பே எழுதிய கவிதை, படத்துக்காகக் கடினமான உருது வரியை எல்லோருக்கும் புரியும்படி மாற்றித் தந்தார். இசை எஸ்.டி. பர்மன். இந்தப் படத்துக்குப் பிறகு சாஹிரும் பர்மனும் சேரவே இல்லை.

படம் நன்றாக ஓடியது, இதையும் பலர் தோல்விப் படம் என்று நினைக்கிறார்கள். 2005-இல் டைம் பத்திரிகை போட்ட 100 சிறந்த படங்கள் பட்டியலில் இருந்தது.

'காகஸ் கே பூல்' ஏன் தோற்றது?

காகித மலர்கள், 1959. இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் படம் (தமிழுக்கு சினிமாஸ்கோப் வர 1973-இல் 'ராஜராஜ சோழன்' வரை ஆயிற்று). பெரிய இயக்குநர் சுரேஷ் சின்ஹா, பிரிந்துபோன மனைவி, பார்க்க விடாமல் வைத்திருக்கும் மகள், மழை இரவில் ஆலமரத்தடியில் சந்தித்து நடிகையாக்கும் சாந்தி. அவள் உயர உயர இவர் விழுகிறார், கடைசியில் காலியான ஸ்டூடியோவில் இயக்குநர் நாற்காலியிலேயே உயிர் போகிறது. புகழும் பணமும் உள்ள ஒரு இயக்குநரின் வருத்தம் அன்றைய ரசிகர்களுக்கு ஒட்டவில்லை. விஜய்யின் பசி எல்லோருக்கும் தெரிந்த பசி, சுரேஷ் சின்ஹாவின் வலி அப்படி இல்லை. கதை நடுவில் தொய்கிறது, நகைச்சுவைப் பகுதி ஒட்டாமல் நிற்கிறது, இதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் வெளிச்சம்! ஆளில்லாத ஸ்டூடியோ, சுரேஷும் சாந்தியும் தள்ளித் தள்ளி நிற்கிறார்கள், மேலே இருந்து ஒரு பெரிய ஒளிக்கற்றை தரையில் விழுகிறது, அதில் தூசி மிதக்கிறது. விளக்கில் அந்த வெளிச்சம் வராது என்று மூர்த்தி வெளியே வெயிலில் பெரிய கண்ணாடி வைத்து, அதை உள்ளே மேலே வைத்த இன்னொரு கண்ணாடிக்குத் திருப்பி, நிஜச் சூரிய ஒளியையே ஸ்டூடியோவுக்குள் இறக்கினார். சூரியன் நகர நகரக் கண்ணாடியையும் திருப்ப வேண்டும். இருவரின் உருவங்களும் உடலை விட்டுக் கிளம்பி அந்த ஒளிக்குள் சந்திக்கின்றன, உடல்கள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. பாடுவது கீதா தத், வரிகள் கைஃபி ஆஸ்மி. ஒரு திரைப்படக் கழகத் திரையிடலில் இதைப் பெரிய திரையில் பார்த்தபோது பக்கத்து இருக்கைப் பெரியவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார், நானும்தான். மூர்த்திக்கு ஃபிலிம்ஃபேர் கிடைத்தது. குருதத் அதன் பிறகு எந்தப் படத்திலும் இயக்கம் என்று தன் பெயரைப் போடவில்லை.

அப்படியென்றால் 'சாஹிப் பீபி ஔர் குலாம்' யார் இயக்கியது?

பெயர் அப்ரார் அல்வியுடையது, ஃபிலிம்ஃபேர் விருதும் அவருக்கே. பாட்டுகளை குருதத் எடுத்தார் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அல்வி, படம் என்னுடையது என்றே கடைசிவரை சொன்னார், அவர் சொல்லை நாம் மதிக்க வேண்டும். குருதத்தின் சாயல் இருக்கிறதே என்றால், எட்டு வருடம் கூடவே இருந்து எழுதியவரிடம் இல்லாமல் எப்படி இருக்கும்? 1962-இல் வந்த படம், பிமல் மித்ரா நாவல், இடியும் ஜமீன் மாளிகையில் கணவனைப் பிடித்து வைக்கக் குடிக்கத் தொடங்கும் சின்ன மருமகளாக மீனா குமாரி. அந்த நடிப்புக்காகவே பார்க்கலாம். அந்த வருடம் ஆஸ்கருக்கு இந்தியா அனுப்பியது இதைத்தான்.

இதற்கு முன் 1960-இல் எம். சாதிக் இயக்கத்தில் 'சௌத்வீன் கா சாந்த்' தயாரித்தார். நஷ்டத்தில் கிடந்த கம்பெனியைத் தூக்கி நிறுத்தியது அதுதான்.

சென்னைப் படங்களில் நடித்தாரா?

சென்னை இயக்குநர்களின் இந்திப் படங்களில் நடித்தார், கடைசி இரண்டு வருடங்களில். கே. சங்கரின் 'பரோசா', டி. பிரகாஷ் ராவின் 'பஹுராணி' (1963), கே.எஸ். கோபாலகிருஷ்ணனின் 'சுஹாகன்' (1964). 'சுஹாகன்' கோபாலகிருஷ்ணனின் தமிழ்ப் படமான 'சாரதா'வின் இந்தி வடிவம், எஸ்.எஸ்.ஆர். செய்த பேராசிரியர் வேஷம் குருதத்துக்கு. 'பஹுராணி'யின் கதை நமக்கு 'பெண்ணின் பெருமை'யாகத் தெரிந்தது. இவை அவர் இயக்கத்துக்கு ஈடாகாது, ஆனால் நடிகராக அவர் எவ்வளவு அடக்கமாக வேலை செய்வார் என்று பார்க்க இவை போதும்.

கீதா தத், வஹீதா விஷயம்?

கீதா ராயை 'பாஸி' பாட்டுப் பதிவில் சந்தித்தார், அப்போது கீதா நட்சத்திரப் பாடகி, இவர் புது இயக்குநர். 1953 மே மாதம் கல்யாணம். இரண்டு மகன்கள், ஒரு மகள். பிற்காலத்தில் வீட்டில் நிம்மதி இல்லை, பிரிந்து வாழ்ந்தார்கள். கீதாவை வைத்து வங்காளத்தில் 'கௌரி' என்று தொடங்கிய படமும் பாதியில் நின்றது. வஹீதாவைப் பற்றி ஆயிரம் பேர் ஆயிரம் எழுதியிருக்கிறார்கள், வஹீதா தன் சொந்த வாழ்க்கையைப் பொதுவில் பேசுவதில்லை, நானும் பேசப்போவதில்லை. கீதா 1972-இல், 41 வயதில் காலமானார். அவர் குரலை யாருடைய மனைவி என்ற கணக்கு இல்லாமல் தனியாக உட்கார்ந்து கேளுங்கள், அதற்கு அவர் தகுதியானவர்.

எப்படி இறந்தார்?

1964 அக்டோபர் 10 காலை, பம்பாய் பெடர் ரோடு வீட்டில் இறந்து கிடந்தார். 39 வயது. தற்செயலா, தானே தேடிக்கொண்டதா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. முன்பு இரண்டு முறை முயன்றவர், ஆனால் இது விபத்துதான் என்று மகன் அருண் சொல்லியிருக்கிறார். கலைஞன் என்றால் இப்படித்தான் என்று இதை அழகுபடுத்துவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது, அவருக்குத் தேவைப்பட்டது தூக்கமும் சிகிச்சையும். இதைப் படிக்கும்போது உங்களுக்கும் மனம் அப்படி இருந்தால் வீட்டிலோ நண்பரிடமோ இன்றே சொல்லுங்கள், இந்தியாவில் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலும் பேசலாம்.

எந்தப் படத்திலிருந்து தொடங்கலாம்?

'ஆர் பார்'. பிறகு 'மிஸ்டர் அண்டு மிஸஸ் 55', பிறகு 'ப்யாஸா'. சிரிப்பும் பாட்டுமாக அவரோடு பம்பாய்த் தெருவில் கொஞ்சம் நடந்துவிட்டு விஜய்யிடம் போனால்தான் அவன் இழந்தது என்ன என்று தெரியும். 'காகஸ் கே பூல்' கடைசி, அதை மட்டும் தயவுசெய்து போனில் பார்க்காதீர்கள். சினிமாஸ்கோப் படம், அகலம் வேண்டும். வீட்டில் டிவி இருந்தால் விளக்கை அணைத்துவிட்டுப் போடுங்கள். சரிசெய்த புதுப் பிரதி தியேட்டருக்கு வந்தால் லீவு போட்டாவது போய்விடுங்கள், அந்த ஒளிக்கற்றையில் தூசி மிதப்பது அங்கேதான் தெரியும்.